பிறந்த திகதியை எழுதுவதற்கு முன்
ஓவியப் பாடம் எடுத்திருக்கும் பிள்ளைகளுக்குச் சில அறிவுரைகள்

இங்கிலாந்தில் ஜிசிஎஸ்இ வகுப்பில் ஓவியத்தை ஒரு பாடமாக எடுத்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும், ஏ லெவலிலும் அதைத் தொடர நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். லண்டன் பள்ளிகளில் நீண்ட காலம் இந்தப் பாடத்தைப் படிப்பித்தவன் நான். எங்கள் பிள்ளைகளுக்கு நல்ல கை. ஒரு முகத்தைக் கீறச் சொன்னால் இமை மயிர் வரை பென்சிலில் கொண்டுவந்துவிடுவார்கள். ஸ்கெட்ச் புக்கின் அடுத்த பக்கத்தைத் திருப்பினால்தான் கவலை தொடங்கும். அங்கே ஓர் ஓவியரின் வாழ்க்கை வரலாறு அச்செடுத்து ஒட்டப்பட்டிருக்கும்: எங்கே பிறந்தார், யாரை மணந்தார், எப்போது இறந்தார். கீழே அவருடைய படமொன்று அப்படியே பார்த்துக் கீறப்பட்டிருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் பிள்ளை எதையாவது யோசித்தது என்பதற்கு ஒரு தடயமும் இராது.

புள்ளி குறைவது இந்த இடத்தில்தான். ஜிசிஎஸ்இ ஓவியத்தில், வகுப்புக் காலத்தில் சேர்க்கும் தொகுப்புக்கு 60 சதவீதம். தேர்வுச் சபை தரும் தலைப்பில் செய்யும் வேலைக்கு 40 சதவீதம். இரண்டையும் நான்கு நோக்கங்களை வைத்து அளக்கிறார்கள், நான்குக்கும் சம எடை. முதலாவது நோக்கம், பிறருடைய படைப்புகளை ஆராய்ந்து, அந்த ஆராய்ச்சியால் உங்கள் எண்ணத்தை வளர்ப்பது. கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் அந்தக் கால்பங்கை அது தனியே வாங்கித் தராது. புள்ளியைவிட முக்கியமான காரணமும் உண்டு. மற்றவர் ஏன் அப்படி வரைந்தார் என்று பார்க்கப் பழகாத பிள்ளை, தான் ஏன் இப்படி வரைகிறோம் என்றும் கேட்காது.

1. முதல் பத்து நிமிடம் போனைப் பையில் வையுங்கள். படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பையும் வாசிக்க வேண்டாம். கண்ணில் படுவதை மட்டும் எழுதுங்கள், கீறுங்கள்.

லண்டனில் இருப்பவர்கள் நேஷனல் கேலரியில் டர்னரின் 'த ஃபைட்டிங் டெமரேர்' படத்திலிருந்து தொடங்கலாம். பார்க்கக் காசு இல்லை. 20 பவுண்ட் தாளிலும் டர்னரின் முகத்தோடு அந்தக் கப்பல் இருக்கிறது, ஆனால் நேரில் பார்ப்பதே பார்ப்பது. என்ன தெரிகிறது? இடது பக்கம் ஒரு பெரிய பாய்க்கப்பல், வெளிறிப்போன நிறத்தில். பாய்கள் சுருட்டப்பட்டிருக்கின்றன. அதற்கு முன்னால், அதை இழுத்துக்கொண்டு, கறுத்த சிறிய நீராவிப் படகு. புகைபோக்கியிலிருந்து செம்மண் நிறத்தில் புகை. வலது பக்கம் சூரியன் இறங்குகிறது. இடப்புறம் மேலே மெல்லிய பிறை. இடது பாதி குளிர்ந்த நீலம், வலது பாதி சுடும் மஞ்சளும் சிவப்பும். வலது கீழ்ப்பக்கம் தண்ணீரில் ஒரு கறுத்த மிதவை. சூரியனுக்குப் பக்கத்தில் வண்ணம் தடித்துக் கிடக்கிறது, கப்பலில் மெலிந்து கிடக்கிறது.

இவ்வளவும் எந்தப் புத்தகத்தின் உதவியும் இல்லாமல் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையால் எழுதக்கூடியது. எழுதி முடித்ததும் ஒரு சின்னப் பெட்டி போட்டு, கண் முதலில் எங்கே போனது, அங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று அம்புக்குறியால் காட்டுங்கள். இந்த ஒரு பக்கம் அச்செடுத்து ஒட்டிய நாலு பக்கத்தைவிடப் பெறுமதியானது.

2. அதற்குப் பிறகு தேடுங்கள். தேடிக் கிடைத்ததைப் படத்தோடு வைத்து ஒப்பிடுங்கள்.

அந்தக் கப்பல் 1805இல் டிரஃபல்கர் கடற்போரில் சண்டையிட்டது. கடற்படை அதை விற்றுவிட்டது. 1838 செப்டம்பரில் தேம்ஸ் ஆற்றின் வழியாக, ஷியர்னெஸ் துறையிலிருந்து ரோதர்ஹைத்தில் இருந்த கப்பல் உடைக்கும் இடத்துக்கு அதை இழுத்துப் போனார்கள். அடுத்த ஆண்டு டர்னர் இந்தப் படத்தைக் காட்சிக்கு வைத்தார். இவ்வளவையும் எழுதிவிட்டு நிறுத்திவிடுவதுதான் வழக்கம். நிறுத்தாதீர்கள். இன்னும் கொஞ்சம் தேடினால், இழுத்தது ஒரு படகல்ல, இரண்டு என்பது தெரியும். கப்பலின் பாய்மரங்களை ஏற்கெனவே கழற்றிவிட்டிருந்தார்கள் என்பதும் தெரியும். ஷியர்னெஸிலிருந்து ரோதர்ஹைத் மேற்கே இருக்கிறது. ஆகவே மறைகிற சூரியன் கப்பலுக்கு முன்னால் இருந்திருக்க வேண்டும். படத்தில் கப்பலின் பின்னால் மறைகிறது.

இங்கேதான் பாடமே தொடங்குகிறது. நடந்ததும் வரைந்ததும் வேறுபடுகிற ஒவ்வொரு இடத்திலும் ஓவியர் ஒரு முடிவு எடுத்திருக்கிறார். இல்லாத பாய்மரங்களை ஏன் திருப்பி நட்டார்? இரண்டு படகில் ஒன்றை ஏன் எடுத்துவிட்டார்? சூரியனை ஏன் இடம் மாற்றினார்? பெரிய கப்பலுக்கு அதன் உடம்பை முழுதாகத் திருப்பிக் கொடுத்து, சிறிய ஒற்றைப் படகு அதை இழுக்கிறபடி வைத்தால், காற்றில் ஓடிய காலம் முடிந்து நீராவியின் காலம் வந்துவிட்டது என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும். இது என் வாசிப்பு. உங்களுடையது வேறாக இருக்கலாம். படத்தில் அதற்கு இடம் காட்ட முடிந்தால் போதும். சூழலை அறிவது என்றால் ஓவியர் எடுத்த முடிவுகளைக் கண்டுபிடிப்பது. வரலாறு தெரியாவிட்டால் அந்த முடிவுகள் கண்ணுக்கே படாது.

3. வாழ்க்கை வரலாற்றில் எதை எடுப்பது, எதை விடுவது என்று கேட்பீர்கள். ஒரே சோதனைதான்: அந்தச் செய்தியைப் படத்தில் விரல் வைத்துக் காட்ட முடியுமா? முடிந்தால் எழுதுங்கள். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கேத்தே கோல்விட்ஸ் என்ற ஜெர்மன் கலைஞரின் இளைய மகன் பேட்டர் 1914 அக்டோபரில், முதலாம் உலகப்போர் தொடங்கி மூன்று மாதம் முடிவதற்குள், பெல்ஜியத்தில் கொல்லப்பட்டான். இந்தச் செய்தியைப் பிள்ளைகள் எல்லோரும் எழுதுகிறார்கள். அதற்குப் பிறகு போரைப் பற்றிய படங்களை அவர் எப்படிச் செய்வது என்று பல ஆண்டுகள் தடுமாறினார் என்பதை எழுதுபவர்கள் குறைவு. செப்புத்தகட்டில் கீறிப் பார்த்தார், கல்லச்சில் செய்து பார்த்தார், நிறைவு வரவில்லை. 1920இல் எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்கு அச்சுகளைப் பார்த்த பிறகுதான் மரத்துக்கு மாறினார். 'போர்' என்ற ஏழு மரச்செதுக்கு அச்சுகளின் தொகுதி அப்படி வந்தது. அதில் 'பெற்றோர்' என்ற அச்சைப் பாருங்கள். முழந்தாளிட்ட தாயும் தகப்பனும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து ஒரே கறுப்புத் திரளாகிவிட்டார்கள். எது யாருடைய முதுகு என்று பிரிக்கக் கண் தடுமாறுகிறது. செப்புத்தகட்டின் மெல்லிய கோடுகளால் இந்தக் கனத்தைக் கொண்டுவர முடியாது. மரத்தில் உளி எடுக்காமல் விட்ட இடமெல்லாம் கறுப்பு. மகனின் சாவு, ஊடகத்தை மாற்றியது, முகங்கள் மறைந்தது என்ற மூன்றையும் இணைத்து நாலு வரி எழுதிவிட்டீர்கள் என்றால், அவர் பிறந்த ஊரின் பெயர் தேவையே இல்லை.

4. தொடங்கத் தெரியாமல் நிற்கிறவர்களுக்கு நான்கு கேள்விகள். இந்த நாட்டில் 1980களில் பள்ளிகளில் கலையைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று ஆராய்ந்த ராட் டெய்லர் என்ற கல்வியாளர் தந்த பிரிப்பு இது: படத்தில் என்ன இருக்கிறது, அது எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது, எதனால் எப்படிச் செய்யப்பட்டது, என்ன உணர்வைத் தருகிறது. நான்கில் மூன்றாவதைத்தான் பிள்ளைகள் தவறவிடுகிறார்கள். அதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

5. அளவை எழுதுங்கள். போன் திரையில் எல்லாப் படமும் உள்ளங்கை அளவுதான். பிக்காசோவின் 'கெர்னிக்கா' உயரம் 3.49 மீற்றர், அகலம் 7.77 மீற்றர், உங்கள் வகுப்பறைச் சுவரில் அடங்குமா என்று அளந்து பாருங்கள். ஹொக்குசாயின் பெரிய அலை, உலகம் முழுக்க ரீஷேர்ட்டிலும் சுவரிலும் வானளவாகத் தெரிகிற அந்த அலை, சுமார் 25 சென்ரிமீற்றர் உயரமும் 37 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட அச்சு. ஏ3 தாளைவிடச் சிறியது. கையில் எடுத்துப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. அவ்வளவு சிறிய தாளில் மூன்று படகுகளும், அவற்றில் குனிந்து ஒட்டிக்கிடக்கும் ஆட்களும், தூரத்தில் விரல்நுனி அளவு ஃபூஜி மலையும் இருக்கின்றன. 1831ஐ ஒட்டிச் செய்யப்பட்ட அந்த அச்சின் நீலம் ஜப்பானின் பழைய நீலமல்ல. ஐரோப்பாவில் கண்டுபிடிக்கப்பட்டு இறக்குமதியாகி வந்த பிரஷ்யன் நீலம். ஜப்பான் வெளிநாட்டாரை உள்ளே விடாமல் கதவடைத்திருந்த காலத்திலேயே வணிகத்தின் வழியாக ஒரு நிறம் உள்ளே நுழைந்துவிட்டது. உங்கள் வண்ணப் பெட்டியிலும் அந்த நீலம் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

அளவை எழுதுவதோடு நிற்காமல், ஒரு பெரிய தாளில் அந்த அளவுக்குச் செவ்வகம் போட்டு அதற்குள் கையை வைத்துப் பாருங்கள். உங்கள் இறுதிப் படைப்பை எந்த அளவில் செய்வது என்ற முடிவுக்கு அது உதவும்.

6. பொருளுக்கும் வரலாறு உண்டு. துணி, தாள், மை, களிமண் எதுவாக இருந்தாலும் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

இதற்கு யிங்கா ஷோனிபாரேயைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. 1962இல் லண்டனில் பிறந்து லேகோஸில் வளர்ந்தவர். லண்டனில் கலை படித்த காலத்தில் சோவியத் அரசியலைப் பற்றிய படங்களைச் செய்துகொண்டிருந்தபோது, நீ ஏன் ஆப்பிரிக்கக் கலை செய்வதில்லை என்கிற விதமாக ஓர் ஆசிரியர் கேட்டார். அந்தக் கேள்வி அவரைப் பிரிக்ஸ்டன் சந்தைக்கு அனுப்பியது. ஆப்பிரிக்கத் துணி என்று எல்லோரும் நினைக்கும் அந்தப் பளிச்சென்ற அச்சுத் துணியின் வரலாற்றை அங்கே தெரிந்துகொண்டார். ஜாவாவின் பத்திக் துணியை ஒல்லாந்தர் இயந்திரத்தில் போலச்செய்து விற்கப் பார்த்தார்கள். பிறகு அதற்கு மேற்கு ஆப்பிரிக்காவில் பெரிய சந்தை கிடைத்தது. அங்கே மக்கள் அதைத் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள். ஆக, அடையாளம் என்று காட்டப்படும் துணியிலேயே மூன்று கண்டங்களின் வணிகமும் ஆதிக்கமும் நெய்யப்பட்டிருக்கின்றன. அந்தத் துணியை அவர் விக்டோரியா காலத்துப் பிரபுக்களின் உடுப்பாகத் தைத்தார். 2010இல் டிரஃபல்கர் சதுக்கத்தில், கடற்படைத் தளபதி நெல்சனின் கப்பல் மாதிரியைப் பெரிய போத்தலுக்குள் வைத்து, அதன் பாய்களை அந்த வகை அச்சுத் துணியில் செய்து நிறுத்தினார். இப்போது அது கிரீனிச்சில் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு வெளியே இருக்கிறது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

எங்கள் சென்னைக் கட்டம்போட்ட துணியும் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியிருக்கிறது. நைஜீரியாவின் கலபாரி மக்களுக்கு அது சடங்குக்குரிய துணி. துணியைத் தலைப்பாக எடுக்க நினைக்கும் பிள்ளை இந்த நூலைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போகலாம்.

7. உன் பண்பாட்டைச் செய் என்று உங்களிடமும் சொல்வார்கள். பெரும்பாலும் அன்பினால்தான் சொல்கிறார்கள். நீங்களும் உடனே கோலம், மயில், நடராஜர் என்று மூன்று பக்கத்தை நிரப்பிவிடுகிறீர்கள். எங்கள் பொருள் என்பதாலேயே எங்களுக்கு அது விளங்கிவிட்டது என்று நினைப்பது பெரிய பிழை. அன்னியரின் படத்தை ஆராய்கிற அதே கண்டிப்போடு இதையும் ஆராய வேண்டும்.

விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலோ பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலோ உள்ள சோழர் காலத்து வெண்கலச் சிலை ஒன்றின் முன் நில்லுங்கள். முகத்தை வரையத்தான் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுத்துப் பீடத்தைப் பாருங்கள். இப்படிப்பட்ட பல சிலைகளின் பீடத்தில் துளைகளோ வளையங்களோ இருக்கும். திருவிழாவில் தண்டு செருகி, கட்டித் தூக்கி வீதி உலா போவதற்காக அவை. அதாவது இது ஓரிடத்தில் நிற்பதற்கென்று செய்த உருவமே அல்ல. பின்பக்கம் போக முடிந்தால் போய்ப் பாருங்கள். முன்பக்கம் போலவே அங்கேயும் வேலை முடிந்திருக்கும், வீதியில் பின்னால் நடக்கிறவர்களுக்கும் சுவாமி தெரிய வேண்டுமே. நீண்ட காலம் வழிபாட்டில் இருந்த சிலைகளில் அபிஷேகமும் துடைப்பும் சேர்ந்து மூக்கையும் கன்னத்தையும் மழுக்கியிருக்கும். அச்சு ஒன்று, சிலை ஒன்று: மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, பிறகு மண்ணை உடைக்கிறார்கள். சுவாமிமலையில் இன்றைக்கும் மெழுகில்தான் தொடங்குகிறார்கள்.

இனிக் கோயிலை நினையுங்கள். அங்கே சுவாமி பட்டும் மாலையும் நகையுமாக நிற்பார்; முகமும் கையும் தவிர உடல் தெரிவது அபூர்வம். கண்ணாடிப் பெட்டிக்குள் அதே உருவம் அலங்காரமில்லாமல், மேலிருந்து விழும் விளக்கொளியில் நிற்கிறது. எது உண்மையான பார்வை? இரண்டையும் கீறிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே ஒரு முழுத் தவணைக்குரிய ஆராய்ச்சி கிடைத்துவிடும்.

சிலை எப்படி இங்கே வந்தது என்றும் கேளுங்கள். தஞ்சைப் பகுதியில் பத்தூர் என்ற ஊரில் இடிந்த கோயிலருகே 1976இல் மண்ணுக்கடியில் கிடைத்த நடராஜர் கைமாறிக் கைமாறி லண்டன் வந்து சேர்ந்தார். 1982இல் பொலிசார் அதைக் கைப்பற்றினார்கள். வழக்கு நடந்தது. 1988இல் இங்கிலாந்து நீதிமன்றம் சிலையைத் திருப்பிக் கொடுக்கத் தீர்ப்பளித்தது. மேல்முறையீடும் தோற்று, 1991இல் சிலை தமிழ்நாட்டுக்குப் போனது. கோயில் தானே உரிமை கோரி வழக்காட முடியும் என்பதை இந்த நாட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட வழக்கு அது. ஒவ்வொரு சிலையும் அப்படித்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. விளக்கக் குறிப்பில் வாங்கிய ஆண்டு, கொடுத்தவர் பெயர் இருக்கும். அதைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், எழுதியிராவிட்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

8. இரண்டு பேரைப் பக்கத்தில் வையுங்கள். ஒருவரைத் தனியே பார்த்தால் புகழ்ச்சிதான் வரும். இருவரைச் சேர்த்தால் கேள்வி வரும். கோல்விட்ஸோடு சித்தபிரசாத் என்ற இந்திய ஓவியரை வையுங்கள். 1943இல் வங்கத்தில் பஞ்சம். மிதுனாபூர் மாவட்டத்தை நடந்து சுற்றிப் பார்த்து, கண்டவர்களை மையில் வரைந்து 'ஹங்ரி பெங்கால்' என்ற சிறு நூலாக வெளியிட்டார் சித்தபிரசாத். பிரிட்டிஷ் அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்து அழித்தது. அவர் தாம் வரைந்த பலரின் பெயரையும் ஊரையும் படத்தோடு குறித்தார். கோல்விட்ஸின் தாய்மாருக்குப் பெயர் இல்லை; எந்த நாட்டுத் தாயாகவும் இருக்கலாம். ஒருவர் சாட்சி சொல்கிறார், மற்றவர் துக்கத்துக்கு உருவம் கொடுக்கிறார். நீங்கள் வரையப்போகும் ஆளுக்குப் பெயர் எழுதுவீர்களா, மாட்டீர்களா?

9. பார்த்துக் கீறுவதில் தவறில்லை, கேள்வியோடு கீற வேண்டும். வான்கோ 1887இல் ஹிரோஷிகேயின் மழைப் பாலத்தைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். நிறங்களைக் கூட்டினார். சுற்றிலும் ஒரு சட்டம் போட்டு, வேறு அச்சுகளிலிருந்து எடுத்த ஜப்பானிய எழுத்துகளால் அதை நிரப்பினார். தட்டையான நிறத்தையும் சரிந்து விழும் கோட்டையும் தன் தூரிகையால் செய்ய முடியுமா என்று அவர் சோதித்தார். நீங்களும் முழுப்படத்தையும் எடுக்க வேண்டாம். ஒரு கை, ஒரு மடிப்பு, மழைக்கோடு விழுகிற ஒரு மூலை போதும். பக்கத்திலே எதைத் தெரிந்துகொள்ளக் கீறினேன், என்ன தெரிந்தது என்று இரண்டு வரி.

10. குறிப்பு எழுதும்போது அழகாக இருக்கிறது, சக்திவாய்ந்தது, எனக்குப் பிடிக்கும் என்ற மூன்றையும் எழுதினால் உடனே 'எங்கே' என்று உங்களையே கேளுங்கள். ஆங்கிலத்தில் வராவிட்டால் முதலில் தமிழில் எழுதிப் பிறகு மாற்றுங்கள். யோசனை தெளிவாக இருந்தால் மொழி பின்னால் வரும். பக்கத் தலைப்பை வண்ண எழுத்தில் அலங்கரிக்க இரண்டு மணித்தியாலம் செலவழிக்காதீர்கள்.

11. பின்டரஸ்ட் ஒரு மூலமல்ல. படம் யாருடையது, எந்த ஆண்டு, எங்கே இருக்கிறது என்பதை அதை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் சொந்தப் பதிவில் பாருங்கள். செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் பந்தியை ஒட்டினால் ஆசிரியருக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் உங்கள் கண் வளராது. அது விதிமீறலும் கூட.

12. வீட்டிலும் மூலங்கள் இருக்கின்றன. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் 2011இல் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்றொரு கலைநூல் செய்தார். தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வைத்திருந்த காணிப் பதிவேடு. போரால் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம் அவர் போய், இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து கீறித் தரச் சொன்னார். அவர்கள் கீறியது ஒரு தாளில். அதைக் கட்டடக்கலைஞரின் அளவுப்படமாக மாற்றியது இன்னொரு தாளில். அந்த வீட்டைப் பற்றி அவர்கள் சொன்னதைக் கேட்டு ஓவியர் வரைந்தது மூன்றாவதாக. அரசாங்கப் பதிவேட்டின் பெயரை எடுத்து, அதில் ஒருபோதும் ஏறாத வீடுகளைப் பதிந்திருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு அம்மம்மாவிடம் போங்கள். ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, ஊர் வீட்டைக் கீறிக் காட்டச் சொல்லுங்கள். எனக்குக் கீறத் தெரியாது என்பார், விடாதீர்கள். கிணறு எங்கே, குசினிக்குப் போகும் வாசல் எந்தப் பக்கம், வேலியில் என்ன மரம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவர் கை எங்கே தயங்குகிறது, எதைப் பெரிதாகப் போடுகிறார், எதை மறந்தார் என்று பாருங்கள். நான் பார்த்த இப்படியான தாள்களில் கிணறு அறையைவிடப் பெரிதாக இருக்கும், படுக்கையறை மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். அளவு பிழை என்று திருத்திவிடாதீர்கள். அந்தப் பிழையே உங்களுக்குக் கிடைத்த தகவல். அந்தத் தாளையும் அப்படியே ஸ்கெட்ச் புக்கில் வையுங்கள், திகதியோடும் அவருடைய அனுமதியோடும். போரை நேரில் கண்ட மூத்தவர்கள் எல்லாவற்றையும் சொல்ல விரும்ப மாட்டார்கள். அவர்கள் நிறுத்தும் இடத்தில் நீங்களும் நிறுத்துங்கள்; தேர்வுக்காக யாருடைய புண்ணையும் கிளற வேண்டியதில்லை.

13. ஆராய்ந்தது உங்கள் வேலையை மாற்ற வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் கடினம். நல்ல பென்சில் கையுள்ள ஒரு மாணவி, பாட்டியின் கைகளைத் தலைப்பாக எடுத்து அச்சொட்டாக வரைந்துகொண்டிருந்தாள். கோல்விட்ஸைப் படித்த பிறகு அவள் பென்சிலை வைத்துவிட்டு லினோவை எடுத்தாள். முதல் அச்சு கரடுமுரடாக வந்தது. நகமும் ரேகையும் போய்விட்டன, வீட்டில் எல்லோரும் பழையதுதான் நல்லது என்றார்கள். ஆனால் விரல்மூட்டின் வீக்கமும் பிடியின் இறுக்கமும் முதல்முறையாகத் தெரிந்தன. ஏன் மாறினேன், எதை இழந்தேன், எது கிடைத்தது என்று அவள் பக்கத்தில் எழுதியிருந்த குறிப்பு அச்சைப் போலவே நன்றாக இருந்தது. சரிவராத அச்சுகளையும் அவள் கிழித்தெறியவில்லை. நீங்களும் கிழிக்காதீர்கள், யோசனை நகர்ந்த பாதை அவற்றில்தான் இருக்கிறது.

14. பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, ரியூசன், நடன வகுப்பு எல்லாம் போக ஒரு நாள் மீதமிருந்தால் பிள்ளையை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். லண்டனின் பெரிய அருங்காட்சியகங்களில் நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணம் இல்லை. பிள்ளை ஒரு படத்தின் முன் அரைமணி நேரம் நின்றால் அவசரப்படுத்தாதீர்கள். கெட்டிக்காரச் சித்தப்பாவைக் கொண்டு படத்தைச் செப்பனிட வைக்க வேண்டாம். கலையைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்ற கேள்வி நியாயமானதுதான். அதைக் கேட்க ஓவியப் பாடத்தின் நடுத்தவணை ஏற்ற நேரமல்ல.

15. ஜிசிஎஸ்இ தேர்வுத் தலைப்பு ஜனவரியில் கைக்கு வரும். ஆயத்தத்துக்குச் சில கிழமைகள் இருக்கும், கடைசியில் மேற்பார்வையோடு பத்து மணித்தியாலம். அந்தப் பத்து மணித்தியாலத்தில் ஆராய முடியாது, செய்யத்தான் முடியும். ஆகவே யாரைப் பார்ப்பது, எந்த அளவு, எந்த ஊடகம் என்ற முடிவுகள் அதற்கு முன்பே காரணத்தோடு ஸ்கெட்ச் புக்கில் இருக்க வேண்டும்.

ஏ லெவலுக்குப் போகிறவர்கள் தங்கள் தொகுப்போடு, தேர்வுச் சபையைப் பொறுத்துக் குறைந்தது 1,000 சொற்களில் ஓர் எழுத்தாய்வும் சேர்க்க வேண்டும். அதற்குத் தலைப்பாக ஓர் ஓவியரின் பெயரை மட்டும் வைக்காதீர்கள். பெயரை வைத்தால் மீண்டும் வாழ்க்கை வரலாற்றில்தான் போய் விழுவீர்கள். தலைப்பு ஒரு கேள்வியாக இருக்கட்டும், உங்கள் படத்தில் நீங்கள் தீர்க்க முயலும் சிக்கலிலிருந்து பிறந்த கேள்வியாக. அலங்காரத்தோடு கோயிலில் நிற்கும் உருவத்தையும் அலங்காரமின்றிக் கண்ணாடிக்குள் நிற்கும் உருவத்தையும் ஒரே தாளில் எப்படி வரைவது என்பது ஒரு கேள்வி. நினைவிலிருந்து கீறிய வீட்டை அளவெடுத்துத் திருத்தலாமா என்பது இன்னொன்று. கேள்வி கிடைத்ததும் ஆசிரியரிடம் காட்டுங்கள். அதற்காக நேரில் போய்ப் பார்க்கக்கூடிய மூன்று படைப்புகளைப் பட்டியல் போடுங்கள். அவற்றைப் பார்த்துக் கீறிவிட்டு வந்த பிறகு முதல் பந்தியை எழுதத் தொடங்குங்கள்.